நகரமா, புறநகரா? தெருவுக்கு என்ன வந்து சேர்ந்திருக்கிறது?

சென்னையில் வீடு வாங்கக் கிளம்பும் குடும்பத்தில் முதலில் எழும் வாக்குவாதம், ஊருக்குள் சின்னதாக வாங்குவதா, தள்ளிப் போய்ப் பெரிதாக வாங்குவதா என்பது. இது எளிதில் தீராது. ஊர் எங்கே முடிகிறது என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. 2011 வரை சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். அந்த ஆண்டு அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் முதலிய 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டு அது 426 சதுர கிலோமீட்டரானது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் எல்லை இன்னும் பெரியது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 2022இல் 5,904 ஆக விரித்தார்கள். ஆகவே விளம்பரத்தில் 'சென்னை' என்று போட்டிருந்தால், அது மயிலாப்பூராகவும் இருக்கலாம், அங்கிருந்து இரண்டு மணி நேரம் பயணம் போகவேண்டிய ஒரு ஏரிக்கரையாகவும் இருக்கலாம். தாம்பரம், ஆவடி இரண்டும் இன்று தனித்தனி மாநகராட்சிகள். அவற்றைப் புறநகர் என்று சொல்வது பழக்கத்தால்தான். இந்த எல்லைக்கோடுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, வாங்கப்போகும் தெருவுக்குக் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, ரயில் ஆகிய மூன்றும் ஏற்கெனவே வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வரப்போகிறது என்று சொல்லப்படும் எதற்கும் முன்கூட்டியே விலை கொடுக்காதீர்கள். வந்துவிட்டதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது என்பதாலேயே ஒரு தெருவுக்கு வசதி வந்துவிடாது. 2011இல் சேர்ந்த பகுதிகளே இதற்குச் சான்று. வடக்கில் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டத்துக்கு 2021இல்தான் ஒப்புதல் கிடைத்தது. சேர்த்ததற்கும் வடிகால் வேலைக்கும் நடுவே பத்தாண்டு இடைவெளி. தெற்கில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பகுதிகளும் அப்போதே மாநகராட்சிக்குள் வந்தவைதான். ஆனால் அங்கே எழுந்த பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மிகப் பல, ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் லாரியை நம்பியே நடந்தன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் அந்தச் சாலையின் கணினி நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. சொந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அப்படி ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. லாரிக்காரர் கேட்ட விலையைக் கொடுத்தார்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் 'தண்ணி பிரச்சினை இருக்கா?' என்று கேட்டு, 'இல்லை சார்' என்ற பதிலோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டியது வேறு. குடிநீர் வாரியத்தின், அதாவது மெட்ரோ வாட்டரின், குழாய் இணைப்பு வீட்டுக்கு உண்டா, அல்லது லாரியில் வந்து தொட்டியில் ஊற்றுகிறார்களா? ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, கடைசியாக எப்போது இன்னும் ஆழப்படுத்தினார்கள்? மே மாதத்தில் சங்கம் லாரிக்கு எவ்வளவு செலவழித்தது? மூன்றாவது கேள்விக்குக் குடியிருப்போர் சங்கத்தின் கணக்குப் புத்தகமே பதில் சொல்லும். அதைக் காட்டத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். மண்ணின் இயல்பையும் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். மழைநீரை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே வரும். ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் அடியில் பாறை. பக்கத்துப் பக்கத்து மனைகளிலேயே ஒரு கிணற்றில் நீர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சாக்கடையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருவில் செப்டிக் டேங்க் நிரம்பும்போதெல்லாம் கழிவுநீர் லாரியை அழைக்க வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது அந்தத் தொட்டி சொன்ன நாளுக்கு முன்பே நிரம்பும். பக்கத்து மனையிலும் அதே நிலைதான் என்பதால் உங்கள் கிணற்று நீரைச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது. பெரிய குடியிருப்புகளில் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அது ஓடுகிறதா என்பதை விற்பனை அலுவலகத்தில் விசாரிப்பதைவிட, அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

இனி பணக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு அருகில் உள்ள வீடு 90 லட்சம், தள்ளியிருக்கும் வீடு 70 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசமான 20 லட்சத்தை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 17,350 ரூபாய். தள்ளிப் போவதில் மிச்சமாவது மாதம் இவ்வளவுதான். தள்ளியிருப்பதால் தினம் போக வர 40 கிலோமீட்டர் கூடுகிறது என்றும், மாதம் 24 வேலை நாள் என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொள்வோம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டியில் போகும் ஒருவருக்கு மாதம் 2,100 ரூபாய்க்குச் சற்று மேல் செலவு. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடும் காரில் போனால் சுமார் 7,400 ரூபாய். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய் ஆளுக்கொரு கார் என்றால் பெட்ரோல் மட்டும் 14,800. இரண்டாவது காரின் தவணையைச் சேர்த்தால் மிச்சம் முழுவதும் கரைந்து, மேலும் கையைக் கடிக்கும். ஆகவே ஒரே சம்பளம், ஒரே வண்டி என்றிருக்கும் குடும்பத்துக்குத் தள்ளிப்போவது பண அளவில் லாபம். இரண்டு சம்பளம், இரண்டு கார் என்றால் அது நஷ்டம். சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

நேரத்தையும் இதே கணக்கில் வைக்க வேண்டும். போக முக்கால் மணி, வர முக்கால் மணி கூடுதல் என்றால் மாதம் 36 மணி நேரம், ஆண்டுக்கு 432 மணி. எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 54 நாள். வீட்டு வேலையின் பெரும்பகுதியை இன்னும் பெண்களே சுமக்கும் குடும்பங்களில் இந்த 54 நாளின் பாரம் யார்மேல் விழுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. எந்த வீடு என்று முடிவெடுக்கும்போது அதிகத் தூரம் போகப்போகிறவரின் சொல்லுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அவரைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் ரயில். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணத்துக்கும், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கும் பாதைகள் உண்டு. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாதச் சீட்டு சில நூறு ரூபாய்க்குள் முடியும். பெருஞ்சாலையோரம் வாழ்கிறவருக்கு ஒரு விபத்தோ மழையோ போதும், பயணம் இரட்டிப்பாகும். ரயிலில் போகிறவருக்குக் கூட்டம் அதிகம், ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பது ஏறக்குறைய உறுதி. நிலையத்திலிருந்து நடந்தே வீட்டுக்குப் போக முடியும் என்றால் கிலோமீட்டரில் தொலைவான குரோம்பேட்டை, நேரத்தில் நகருக்குள் இருக்கும் பல இடங்களைவிட அருகில் இருக்கிறது. ஆனால் 'நிலையத்துக்குப் பக்கம்' என்று சொல்லப்படும் மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ தேவைப்பட்டால் இந்த லாபத்தில் பாதி போய்விடும்.

'மெட்ரோ வந்துவிட்டால் எல்லாம் சரியாகும்' என்பது இங்கே எழும் முதல் மறுப்பு. இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கும் சோழிங்கநல்லூருக்கும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கும் என மூன்று தடங்கள். அது வேண்டாம் என்றோ வராது என்றோ யாரும் சொல்ல முடியாது. எப்போது என்பதே கேள்வி. முன்பு நடந்ததைப் பாருங்கள். பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மீதியிருந்தது வெறும் 5 கிலோமீட்டர். 2008இல் வேலை தொடங்கினார்கள். கடைசி 500 மீட்டர் அளவுக்கு நிலம் எடுப்பதில் எழுந்த வழக்குகளால் பத்தாண்டுகளுக்கு மேல் தூண்கள் பாதியில் நின்றன. அந்த இணைப்பை நம்பி 2008இல் ஆதம்பாக்கத்தில் வீடு வாங்கியவர், அப்போது பள்ளியில் சேர்ந்த தம் பிள்ளை படிப்பை முடிக்கும்வரை அந்த ரயிலில் ஏறியிருக்க முடியாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, பக்கத்திலேயே மின்சார ரயில் பாதை ஓடியும் அங்கே ரயில் நிற்க நிலையம் கிடையாது. திட்டங்களில் கடைசித் துண்டுதான் எப்போதும் தாமதமாகிறது, அந்தத் துண்டில்தான் உங்கள் வீடு இருக்கக்கூடும். கட்டுநர் தன் விளம்பரத்தில் பொய் சொன்னால் ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். மெட்ரோ தாமதத்துக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றும் கேட்க முடியாது. கூடவே, வரப்போகும் நிலையத்தின் மதிப்பை விற்பவர் இன்றைய விலையிலேயே ஏற்றிவிட்டிருப்பார். அவருக்குப் பணம் இன்று, உங்களுக்கு ரயில் என்றோ ஒருநாள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. 'கட்டடம் தேயும், மண்தான் வளரும். புறநகரில் மண் கிடைக்கிறது' என்பார்கள். தனி மனை வாங்கி வீடு கட்டுகிறவர் விஷயத்தில் இது முற்றிலும் உண்மை. அவருக்கு இந்த அத்தியாயத்தின் பணக் கணக்கைவிடத் தண்ணீர்ப் பகுதியும் பத்திரப் பகுதியும்தான் முக்கியம். ஆனால் இன்று புறநகரில் விற்கப்படுவதில் பெரும்பங்கு அடுக்குமாடி. அதில் உங்களுக்குக் கிடைப்பது நிலத்தின் பிரிபடாத பாகம், எல்லாரும் யுடிஎஸ் என்று சொல்வது. 2019 கட்டட விதிகளின்படி தளப் பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 18.3 மீட்டருக்கு மேற்படாத கட்டடத்துக்கு 2, அதற்கு மேல் உயரும் கட்டடத்துக்கு 3.25 வரை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு முதல் வகையில் சுமார் 500 சதுர அடி மண், இரண்டாவது வகையில் சுமார் 300 சதுர அடி. கூடுதல் குறியீட்டைக் கட்டணம் கட்டி வாங்கியிருந்தால் இன்னும் குறையும். அதாவது, இருபது மாடிக் கோபுரத்தில் நீச்சல் குளம் பார்த்த வீடு வாங்குகிறவர், மண்ணுக்காகத்தான் வெளியே போனேன் என்று சொல்ல முடியாது. அவர் கையில் அதிகமாக இருப்பது கான்கிரீட். மாறாக, பழைய நகர்ப்பகுதியில் மூன்று மாடி, லிஃப்ட் இல்லாத, வெளுத்துப்போன வீட்டில் பிரிபடாத பாகம் பல சமயம் வீட்டின் பரப்பில் பாதியையோ அதற்கு மேலோ எட்டும். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது விலையைச் சதுர அடியால் வகுப்பதோடு நிற்காமல், பிரிபடாத பாகத்தால் வகுத்தும் பாருங்கள். வரிசை மாறிப்போவதைக் காண்பீர்கள்.

பழைய கட்டடத்தை யார் பராமரிப்பது என்று கேட்கலாம். கடற்காற்று படும் இடங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்துக் கூரைப்பூச்சு உதிரும். மிகப் பழைய கட்டடம் என்றால் வங்கி கடன் காலத்தைக் குறைக்கும். வண்டி நிறுத்த இடம் இருக்காது. இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்றால், முன்பு அதில் பெரிய தடை, ஒரே ஒருவர் மறுத்தாலும் முடியாது என்பது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்ய வழி திறந்திருக்கிறது. ஆகவே பழைய வீடு வாங்கும்போது கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவதோடு, மற்ற உரிமையாளர்களின் மனநிலையையும் விசாரியுங்கள். எட்டு வீட்டில் ஆறு பேர் ஒத்துப் போகிறவர்கள் என்றால் உதிரும் பூச்சு பெரிய குறையல்ல. சண்டை நடக்கும் கட்டடம் என்றால் புதுப் பூச்சு இருந்தும் பயனில்லை.

வெள்ளம் நகரம், புறநகர் என்று பார்ப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது புறநகரின் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின, நகருக்குள் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பகுதிகள் நாள்கணக்கில் நீரில் கிடந்தன. தியாகராய நகரே 1920களில் மாம்பலத்தின் நெடிய ஏரியை வடித்தபின் எழுந்த பகுதி. அங்கே இன்னமும் பெருமழையில் நீர் நிற்கிறது. ஏரி, ஆறு, சதுப்பு நிலம் எங்கே இருந்ததோ அங்கேதான் தண்ணீர் திரும்ப வரும். கிராம நிர்வாக அலுவலகப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணும் சுற்றியுள்ள எண்களும் முன்பு ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு என்று இருந்தனவா என்று பாருங்கள். தெருவில் நின்று சாலை மட்டத்தையும் வாசல்படி மட்டத்தையும் ஒப்பிடுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, ஒருகாலத்தில் மூன்று படி ஏறிப்போன வீடுகள் இன்று ஒரு படி இறங்கிப்போகும் தெருக்கள் நகருக்குள் நிறைய. 2015இலும் 2023இலும் எவ்வளவு நீர் வந்தது என்று கேட்க எதிர்ச்சாரியில் இருக்கும் மளிகைக்கடைக்காரரே சரியான ஆள். அவர் எதையும் விற்கவில்லை.

நல்ல காற்று, அமைதி, திறந்த வெளி என்ற வாதத்தை மறுக்க விருப்பமில்லை. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அவை தேவை. ஆனால் உங்கள் ஜன்னலுக்கு எதிரே தெரியும் பொட்டல் இன்னொருவரின் பட்டா நிலம். அங்கேயும் ஒருநாள் கட்டடம் எழும். வயதான பெற்றோர் உடன் இருந்தால், இரவு இரண்டு மணிக்கு எந்த மருத்துவமனைக்கு எத்தனை நிமிடத்தில் போக முடியும் என்பதை ஓட்டிப் பார்த்து அறியுங்கள். வீட்டிலிருந்தே வேலை என்பவருக்கு மேலே சொன்ன பயணக் கணக்கு பொருந்தாதுதான். ஆனால் தவணை 20 ஆண்டுக்கு, இன்றைய வேலை அவ்வளவு காலம் அதே ஏற்பாட்டில் நீடிக்கும் என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை.

பத்திரங்களைப் பற்றித் தனி அத்தியாயம் பின்னால் வருகிறது. இங்கே ஒன்று மட்டும். புறநகரில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்கப்படும் மனைகளில் கூடுதல் கவனம் தேவை. அனுமதி பெறாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2017இல், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கு வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. சிஎம்டிஏ அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் அனுமதி எண்ணோ, வரன்முறை ஆணையோ இல்லாத மனை எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலிவல்ல.

இதையெல்லாம் எடைபோட்டால் மாதச் சம்பளக் குடும்பத்துக்கு என் பரிந்துரை தெளிவானது. முதலில் பழைய ரயில் பாதைகளை ஒட்டி, நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், நான்கைந்து மாடிக்கு மேற்படாத கட்டடத்தில் தேடுங்கள். குரோம்பேட்டை, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் போன்ற இடங்கள். அங்கும் குழாயும் சாக்கடையும் தெருவுக்குத் தெரு மாறும் என்பதால் தெருவைச் சோதித்தே ஆக வேண்டும். இரண்டு பேரும் நகருக்குள் வேலை, வெவ்வேறு திசை என்றால் நடுநகரில் சிறிய பழைய வீடு. பெருஞ்சாலையோரக் கோபுரம், இருவரின் அலுவலகமும் அதே சாலையில் இருந்தால் மட்டும். சென்னையில் ஆண்டு வாடகை வீட்டு விலையில் பெரும்பாலும் 3 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, கடன் வட்டியோ அதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆகவே வாங்க நினைக்கும் அதே தெருவில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது வீண்செலவல்ல. ஐப்பசி தொடங்குமுன் குடிபோங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு சித்திரை வைகாசியையும் பார்த்துவிட்டு, அந்தத் தெருவில் விற்பனைக்கு வரும் வீட்டுக்கு ஆனி மாதத்தில் விலை பேசுங்கள்.